ஒரு ஆர்க்கிலிருந்து இன்னொரு ஆர்க்குக்கு: உறவுள்ள பதிவுகளை ஏற்ற எந்த ஏபிஐ?

வாடிக்கையாளர் தரவை வைக்கும் இணையத் தளமான சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு சூழலில் கிடக்கும் தரவை இன்னொரு சூழலுக்குக் கொண்டுபோகச் சொன்னால், புதிதாக வந்தவர்கள் முதலில் தடுமாறுவது ஏபிஐகளின், அதாவது நிரல்கள் தளத்தோடு பேசும் வழிகளின், பெயர்களில்தான். ரெஸ்ட், காம்போசிட், ட்ரீ, கிராஃப், கலெக்‌ஷன்ஸ், பல்க் 2.0, பழைய சோப் என்று வரிசையாக நிற்கின்றன, எல்லாமே பதிவை உருவாக்கும் என்றுதான் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிகளுக்கு இந்த வேலை பார்ப்பவர்கள் கேட்பதும் இதைத்தான்: எத்தனை பதிவு இருந்தால் எதை எடுப்பது?

எண்ணிக்கையைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் முடிவாக வேண்டும். போய்ச்சேரும் இடத்தில் ஒரு பதிவை எதை வைத்து அடையாளம் காண்பது, எவையெல்லாம் சேர்ந்தே ஏற வேண்டும். இந்த இரண்டும் தெளிந்துவிட்டால் ஏபிஐ பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். தெளியாமல் தொடங்கினால் எந்த ஏபிஐயை எடுத்தாலும், மேலே உள்ள தாய்ப் பதிவைச் சார்ந்திருக்கும் பிள்ளைப் பதிவுகளில் பாதி தாயில்லாமல் நிற்கும், மீதிப் பாதி இரண்டு தடவை ஏறியிருக்கும்.

## முதலில் சில சொற்கள்

ஆர்க் என்றால் ஒரு நிறுவனத்தின் தனிச் சூழல். தினசரி வேலை நடக்கும் இடம் புரொடக்‌ஷன், சோதித்துப் பார்க்கும் இடம் சாண்ட்பாக்ஸ். ஃபுல் சாண்ட்பாக்ஸ் இருந்தால் புரொடக்‌ஷன் தரவு அப்படியே நகலாகிவரும், பதிவுகளின் அடையாளக் குறியான ஐடி கூட மாறாது, ஆனால் அதை 29 நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்க முடியும். டெவலப்பர் சாண்ட்பாக்ஸில் அமைப்புகள் மட்டும்தான் வரும், தரவு வராது. இடமும் 200 எம்பிதான். பெரும்பாலான பதிவுக்கு 2 கேபி என்று கணக்கு வைப்பார்கள், ஆக ஏறக்குறைய ஒரு லட்சம் பதிவோடு அது நிரம்பிவிடும். அதனால்தான் தேவையான பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றும் வேலை வருகிறது.

இரண்டு பதிவுகளுக்கு நடுவே உள்ள உறவு இரண்டு வகை. லுக்அப் என்பது தளர்வானது, பொதுவாகத் தாய் இல்லாமலும் பிள்ளையை உருவாக்கலாம். மாஸ்டர்-டீட்டெயில் இறுக்கமானது. தாய் எது என்று சொல்லாமல் பிள்ளை ஏறவே ஏறாது, தாயை அழித்தால் பிள்ளையும் போய்விடும்.

## ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை என்று வைத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, அந்தப் பக்கம் தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் வரை மண்டிகள் மூலமாக மாங்காய் வாங்குகிறது. அதன் தரவு ஐந்து அடுக்காக இருக்கும்:

1. மண்டி. அக்கவுண்ட் என்ற ஆப்ஜெக்ட் (ஒரே வகைப் பதிவுகளின் அட்டவணை).
2. மண்டிக்குக் கீழே விவசாயி. கான்டாக்ட்.
3. விவசாயியின் தோட்டம்.
4. தோட்டத்துக்குக் கீழே எடைச் சீட்டு, எடைமேடையில் லாரி ஏறி இறங்கும்போது போடுவது.
5. சீட்டுக்குள் ரகவாரி வரிகள். பெங்களூரா எத்தனை கிலோ, செந்தூரா எத்தனை கிலோ என்று.

இதோடு இன்னொரு உறவும் உண்டு. ஒரு விவசாயியை ஆலைக்கு அறிமுகம் செய்த இன்னொரு விவசாயி. அதாவது கான்டாக்ட் இன்னொரு கான்டாக்டையே சுட்டுகிறது. இதைத் தனியாக நினைவில் வையுங்கள், பின்னால் தொந்தரவு கொடுக்கப்போவது இதுதான்.

## ஐடி ஏன் கூட வராது

ஒவ்வொரு பதிவுக்கும் சேல்ஸ்ஃபோர்ஸே ஓர் ஐடி கொடுக்கிறது. முதல் மூன்று எழுத்து எந்த ஆப்ஜெக்ட் என்று சொல்லும்: அக்கவுண்ட் 001, கான்டாக்ட் 003. புதிய ஆர்க்கில் பதிவை உருவாக்கும்போது இந்த ஐடியை நாம் கொடுக்க முடியாது, அதுவே புதிதாகப் போட்டுக்கொள்ளும். எனவே பழைய ஆர்க்கின் எடைச் சீட்டில் எழுதியிருக்கும் தோட்ட ஐடிக்குப் புதிய இடத்தில் பொருளே இல்லை.

(மைக்ரோசாஃப்டின் டேட்டாவர்ஸில் இது வேறு மாதிரி. அங்கே பதிவை உருவாக்கும்போது முதன்மை ஐடியை நாமே கொடுக்கலாம், ஆகவே அதே ஐடியோடு கொண்டுபோக வழி உண்டு. ஒரு தளத்தில் பழகிய கையை இன்னொன்றில் அப்படியே வைக்கக் கூடாது.)

இதற்குத் தீர்வு எக்ஸ்டர்னல் ஐடி. ஆப்ஜெக்டில் நாமே ஒரு ஃபீல்டு உருவாக்கி, அதை எக்ஸ்டர்னல் ஐடி என்றும் யூனிக் (ஒரே மதிப்பு இருமுறை வராது) என்றும் குறித்துவிட்டால், அப்புறம் உறவை அந்த எண்ணை வைத்தே சொல்லலாம். "இந்தச் சீட்டின் தாய், இன்ன எண்ணுடைய தோட்டம்" என்று அனுப்பினால் புதிய ஐடியைத் தேடிக் கண்டுபிடித்து இணைக்கும் வேலையைத் தளமே பார்த்துக்கொள்ளும். இதோடு சேர்ந்துவருவது அப்சர்ட்: அந்த எண்ணில் பதிவு இருந்தால் திருத்தும், இல்லையென்றால் உருவாக்கும். ஒரே எண்ணில் இரண்டு பதிவு இருந்தால் பிழை சொல்லி நிறுத்திவிடும், அதனால்தான் யூனிக் என்பதை விடவே கூடாது.

எந்த எண்ணை எக்ஸ்டர்னல் ஐடி ஆக்குவது? இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள்.

1. பெயர் வேண்டாம். ஒரே ஊரில் முனியப்பன் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஊர்ப் பெயரும் உதவாது, காவேரிப்பட்டணம் என்று ஒருவர் அடித்தால் காவேரிப்பட்டினம் என்று அடுத்தவர் அடிப்பார்.
2. கைப்பேசி எண்ணும் வேண்டாம். ஒரு வீட்டில் அப்பா, மகன், மருமகள் மூவரின் தோட்டத்துக்கும் ஒரே எண்தான் கொடுத்திருப்பார்கள், அதுவும் அடுத்த பருவத்தில் மாறிவிடும்.
3. ஆதாரை எக்ஸ்டர்னல் ஐடியாக வைக்கவே கூடாது. சோதனைச் சூழலுக்குள் அது வரவே காரணம் இல்லை.
4. பழைய ஆர்க்கின் 18 எழுத்து ஐடியையே புதிய ஆர்க்கில் ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டில் போட்டுவைப்பதுதான் எளிது, நான் பரிந்துரைப்பதும் இதையே. ஏற்கெனவே தனித்துவமானது, யாரும் கையால் அடிக்க வேண்டியதில்லை.

18 எழுத்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தால் 15 எழுத்து ஐடிதான் வரும். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு ஐடிகளைக் குறிக்கும். எக்செலில் தேடிப் பொருத்தப் பயன்படும் விலுக்அப்போ இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். விளைவு, ஒரு விவசாயியின் சீட்டு இன்னொரு விவசாயியின் தோட்டத்தில் போய் அமைதியாக உட்கார்ந்துவிடும், பிழை என்று எங்கேயும் காட்டாது. பணம் கொடுக்கும் அமைப்பில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 18 எழுத்து வடிவத்தில் கடைசி மூன்று எழுத்து இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது.

## ஏபிஐகள் ஒவ்வொன்றும் என்ன செய்யும்

1. சாதாரண ரெஸ்ட். ஓர் அழைப்புக்கு ஒரு பதிவு. நாலைந்து பதிவு என்றால் சரி. எடைச் சீட்டு 40,000 இருந்தால் 40,000 அழைப்பு. என்டர்பிரைஸ் பதிப்பில் 24 மணி நேரத்துக்கு ஒரு லட்சமும், அதோடு பயனர் உரிமத்துக்கு 1,000 வீதமும்தான் அழைப்புகளுக்கு இடம். ஆலையின் மற்ற இணைப்புகளும் அதே கணக்கில்தான் ஓடுகின்றன என்பதால் இப்படிச் செலவழிப்பது தவறு.

2. கலெக்‌ஷன்ஸ். ஓர் அழைப்பில் 200 பதிவு வரை, அப்சர்டும் உண்டு. ஒன்று தோற்றால் எல்லாவற்றையும் திருப்பிவிடு என்றும் சொல்லலாம், தோற்றதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்று என்றும் சொல்லலாம். அதே 40,000 சீட்டு இதில் 200 அழைப்பில் முடியும்.

3. ட்ரீ. தாயும் பிள்ளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஜேசன் என்ற உரை வடிவில் அனுப்புவது. மொத்தம் 200 பதிவு, ஐந்து அடுக்கு ஆழம், எல்லாம் ஏறும் அல்லது எதுவும் ஏறாது. பார்க்க அழகாக இருக்கும், நம் மாங்கூழ் ஆலையின் ஐந்து அடுக்கும் அளவெடுத்ததுபோல உட்காரும். ஆனால் இதில் இரண்டு குறை. ஒன்று, பிள்ளைக்கு ஒரே தாய்தான்: சீட்டு தோட்டத்தையும் சுட்ட வேண்டும், அதே அழைப்பில் புதிதாக உருவாகும் மண்டியையும் சுட்ட வேண்டும் என்றால் வழியில்லை. இன்னொன்றுதான் பெரியது, இது உருவாக்க மட்டுமே தெரிந்தது, அப்சர்ட் கிடையாது.

4. காம்போசிட். ஓர் அழைப்புக்குள் 25 உள்வேலைகள் வரை. முதல் வேலையில் உருவான ஐடியை அடுத்த வேலையில் பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம். அந்த 25-இல் ஐந்து வரை கலெக்‌ஷன்ஸாக இருக்கலாம், அதாவது ஒரே அழைப்பில் 1,000 பதிவு போகும். வரம்புக் கணக்கில் இது ஒரே அழைப்பு.

5. காம்போசிட் கிராஃப். காம்போசிட்டின் பெரிய வடிவம், ஓர் அனுப்புதலில் 500 உள்வேலை வரை. அவற்றைத் தனித்தனிக் கிராஃபாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு கிராஃபும் தனக்குள் முழுதாக ஏறும் அல்லது முழுதாகத் திரும்பும், பக்கத்துக் கிராஃபைப் பாதிக்காது.

6. பல்க் 2.0. காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், பின்னணியில் ஓடும். 10,000 பதிவு வீதம் அதுவே தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும். 2,000 பதிவுக்கு மேல் போனால் இதை யோசியுங்கள் என்பது சேல்ஸ்ஃபோர்ஸின் சொந்த வழிகாட்டல். ஒரு ஜாபுக்கு (ஒருமுறை ஒப்படைக்கும் வேலைக்கு) ஒரு ஆப்ஜெக்ட்தான், ஆக தாய்க்கு ஒரு ஜாப், அது முடிந்ததும் பிள்ளைக்கு ஒரு ஜாப். பகுதி வெற்றிதான் இதன் இயல்பு, எல்லாம் அல்லது எதுவுமில்லை என்ற பேச்சே இங்கே இல்லை.

சோப் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, அதிலும் 200 பதிவு வரம்புதான். புதிய வேலைக்கு அதைத் தொடங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

## அப்படியானால் எதை எடுப்பது

ஒவ்வொரு உறவுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: தாய் ஏறி, பிள்ளை ஏறாமல் நின்றால், இடையில் யாராவது அதைப் பார்த்துத் தவறான முடிவு எடுப்பார்களா?

மண்டி ஏறிவிட்டது, விவசாயிகள் இன்னும் ஏறவில்லை. ஒன்றும் ஆகாது, அரை மணி கழித்து ஏறட்டும். விவசாயிக்கும் தோட்டத்துக்கும் அதே பதில். ஆனால் எடைச் சீட்டு ஏறி அதன் மூன்று ரக வரிகளில் ஒன்று மட்டும் தவறிப்போனால், சீட்டில் தொகை குறைவாகக் காட்டும், அதை வைத்து ஒருவர் பணம் போட்டுவிடுவார். எனவே சீட்டும் அதன் வரிகளும் சேர்ந்தே ஏற வேண்டும், மற்ற அடுக்குகள் தனித்தனியாகப் போகலாம்.

இதிலிருந்து ஏபிஐ பிரிகிறது:

1. மண்டி, விவசாயி, தோட்டம்: பல்க் 2.0, எக்ஸ்டர்னல் ஐடி வைத்து அப்சர்ட், மேலிருந்து கீழாக அடுக்கு அடுக்காக. சில நூறுதான் இருக்கிறது என்றால் கலெக்‌ஷன்ஸ் போதும்.
2. சீட்டும் வரிகளும்: காம்போசிட் கிராஃப், ஒரு சீட்டுக்கு ஒரு கிராஃப். சீட்டையும் வரிகளையும் எக்ஸ்டர்னல் ஐடி வைத்து அப்சர்ட் செய்யலாம், தோட்டத்தையும் அதன் எண்ணாலேயே சுட்டலாம், அது முன்பே ஏறியிருக்கிறது.
3. பழைய பருவங்களின் சீட்டுகள் லட்சக்கணக்கில் இருந்து, ஏற்றும்போது யாரும் உள்ளே நுழையப்போவதில்லை என்றால்: அப்போது பல்க் சரி. ஏற்றி, சரிபார்த்து, பிறகு பயனர்களைத் திறந்துவிடலாம். சேர்ந்தே ஏற வேண்டும் என்ற நிபந்தனையை இங்கே நேரத்தைப் பூட்டிக் காப்பாற்றுகிறோம்.
4. காலியான டெவலப்பர் சாண்ட்பாக்ஸில் சோதனைக்கு ஐம்பது நூறு பதிவு விதைக்க: ட்ரீ. சேல்ஸ்ஃபோர்ஸின் கட்டளைவரிக் கருவியிலேயே ட்ரீயாக எடுக்கவும் ஏற்றவும் கட்டளைகள் இருக்கின்றன.

ட்ரீயை இவ்வளவு சிறிய இடத்தில் நிறுத்துவதற்குக் காரணம் அந்த அப்சர்ட் குறைதான். அழைப்பு போய்ச் சேர்ந்து 200 பதிவும் உருவாகிவிட்டது, பதில் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஏறியதா இல்லையா என்று உங்கள் பக்கம் தெரியாது. மறுபடி அனுப்பினால் இன்னொரு 200 உருவாகும், எக்ஸ்டர்னல் ஐடி யூனிக்காக இருந்தால் மட்டும் பிழை வந்து தப்பிக்கலாம். அப்சர்டில் இந்தக் கவலையே இல்லை, எத்தனை தடவை அனுப்பினாலும் முடிவு ஒன்றே. நெட்வொர்க்கை நம்பி ஏற்றும் எந்த வேலைக்கும் இந்தக் குணம் வேகத்தைவிட முக்கியம் என்பேன்.

இப்போது அந்த அறிமுக விவசாயி. முதல் வரியில் இருப்பவரை அறிமுகம் செய்தவர் ஒன்பதாயிரமாவது வரியில் இருக்கலாம், பல்க்கில் எது முன்னால் ஏறும் என்று நம்மால் சொல்ல முடியாது. சுட்டப்படும் எக்ஸ்டர்னல் ஐடி இன்னும் உருவாகவில்லை என்றால் அந்த வரி தோற்கும். வழி எளிது: முதல் சுற்றில் அந்த ஃபீல்டை விட்டுவிட்டு எல்லா விவசாயிகளையும் ஏற்றுங்கள், இரண்டாம் சுற்றில் விவசாயி எண், அறிமுகம் செய்தவர் எண் என்று இரண்டு நெடுவரிசை மட்டும் வைத்து மறுபடி அப்சர்ட் செய்யுங்கள். தன்னைத்தானே சுட்டும் எந்த உறவுக்கும் இப்படித்தான், அக்கவுண்டின் தாய் அக்கவுண்ட் உட்பட.

## பூட்டு: பாதியில் வரும் மர்மப் பிழை

பல்க் ஓடும்போது பத்தில் ஒன்பது வரி ஏறிவிட்டு, சில வரிகள் மட்டும் 'அனேபிள் டு லாக் ரோ' (வரியைப் பூட்ட முடியவில்லை) என்று திரும்பிவரும். மறுபடி ஓட்டினால் அவையும் ஏறிவிடும். தரவில் தப்பில்லை என்றால் என்னதான் நடக்கிறது?

பிள்ளையைச் சேர்க்கும்போது தளம் தாயைச் சிறிது நேரம் பூட்டுகிறது. மாஸ்டர்-டீட்டெயிலிலும், அக்கவுண்டுக்குக் கீழே கான்டாக்ட் சேர்க்கும்போதும், லுக்அப்பில் சில அமைப்புகளிலும் இது நடக்கும். பல்க் 2.0 பல தொகுதிகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறது. பெரிய மண்டி ஒன்றின் விவசாயிகள் நாலு தொகுதியில் சிதறிக் கிடந்தால் நாலும் அதே மண்டியைப் பூட்டப் போட்டிபோடும். பூட்டுக்காக 10 விநாடி வரை காத்திருந்துவிட்டுத் தோற்றவை பிழையாகத் திரும்பும்.

செய்ய வேண்டியவை:

1. ஏற்றுமுன் சிஎஸ்வியைத் தாயின் எண் வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரு மண்டியின் ஆட்கள் அடுத்தடுத்து இருந்தால் பெரும்பாலும் ஒரே தொகுதிக்குள் விழுவார்கள்.
2. அப்படியும் தீராவிட்டால் பழைய பல்க் ஏபிஐயில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் முறை இருக்கிறது. 2.0-இல் அது இல்லை. மெதுவாகத்தான் போகும்.
3. ஒரே தாய்க்குக் கீழே 10,000-க்கு மேல் பிள்ளைகள் இருந்தால் அது ஏற்றும்போது மட்டும் வரும் பிரச்சினை அல்ல, தரவு அமைப்பிலேயே இருக்கும் சாய்வு. மண்டி தெரியாத விவசாயிகளை எல்லாம் 'இதர மண்டி' என்ற ஒரே அக்கவுண்டில் கொட்டிவைக்கும் பழக்கம்தான் இதற்கு வழக்கமான காரணம்.

## தமிழ்ப் பெயர்களும் எக்செலும்

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் மட்டும் படும் பாடு இது, ஆவணங்களில் ஓரமாகத்தான் இருக்கும். பல்க் 2.0 யூடிஎஃப்-8 குறியாக்கத்தை மட்டுமே ஏற்கும். எக்செலில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி என்று தேர்ந்தெடுத்தால் முனியம்மாள் என்ற பெயர் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். கேள்விக்குறியும் செல்லுபடியாகும் எழுத்துதான் என்பதால் பிழை ஏதும் வராமல் அப்படியே ஏறியும்விடும். சேமிக்கும் பட்டியலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தனியாக இருக்கிறது, அதை எடுங்கள். சீட்டு எண் 00457 என்று இருந்தால் எக்செல் அதை 457 ஆக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எக்ஸ்டர்னல் ஐடி நெடுவரிசையில் இது நடந்தால் உறவு முழுக்க அறுந்துபோகும். முடிந்தவரை எக்செலையே தொடாமல் ஸ்கிரிப்டில் முடிப்பது நல்லது.

## ஏற்றினால் வேறு என்னவெல்லாம் ஓடும்

பதிவு ஏறும்போது டிரிகர், ஃப்ளோ என்ற தானியங்கிகளும் ஓடும், பல்க்கிலும் ஓடும், 200 பதிவு வீதம். ஒவ்வொரு எடைச் சீட்டுக்கும் விவசாயிக்கு எஸ்எம்எஸ் போகும்படி வைத்திருந்தால், போன வருடத்துச் சீட்டுகளை ஏற்றும் இரவில் ஊரெல்லாம் கைப்பேசி அடிக்கும். புதிய சாண்ட்பாக்ஸில் மின்னஞ்சல் பொதுவாகத் தளமே அனுப்பும் அஞ்சலுக்கு மட்டும் என்று அடைத்தே வருகிறது, ஆனால் வெளியே இன்னொரு சேவையை அழைத்து அனுப்பும் எஸ்எம்எஸ்ஸை அந்த அடைப்பு தடுக்காது. ஏற்றும் பயனருக்கு மட்டும் தானியங்கிகளை ஒதுக்கும் ஒரு பைபாஸ் அமைப்பை முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும்.

ஏற்றவே முடியாதவையும் உண்டு. ஆட்டோ நம்பர், ஃபார்முலா, ரோல்-அப் கூட்டுத்தொகை மூன்றும் இலக்கிலேயே உருவாகும். விவசாயி கையில் இருக்கும் தாள் சீட்டில் அச்சான எண் ஓர் ஆட்டோ நம்பர் என்றால், புதிய ஆர்க்கில் அது வேறாகிவிடும், பழைய எண்ணைத் தனி டெக்ஸ்ட் ஃபீல்டில் கொண்டுபோயே ஆக வேண்டும். பதிவு உருவான தேதியும் இன்றைய தேதியாகிவிடும். பழைய தேதி வேண்டுமென்றால் தணிக்கை ஃபீல்டுகளை அமைக்கும் உரிமையை ஏற்றும் பயனருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், உருவாக்கும் நேரத்தில் மட்டுமே அது வேலை செய்யும், பிறகு திருத்த முடியாது.

புரொடக்‌ஷனிலிருந்து சாண்ட்பாக்ஸுக்கு வரும்போது விவசாயிகளின் கைப்பேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் மறைத்துவிட்டே ஏற்றுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு காரணம். சோதனைச் சூழலுக்குள் நுழையக்கூடியவர்கள் புரொடக்‌ஷனைவிட அதிகம், கட்டுப்பாடு குறைவு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

## ஏறி முடிந்ததும்

பல்க் ஜாப் 'ஜாப் கம்ப்ளீட்' என்று காட்டினால் எல்லாம் ஏறிவிட்டது என்று பொருள் இல்லை, ஓடி முடிந்தது என்றுதான் பொருள். வெற்றி, தோல்வி, தொடப்படாதவை என்று மூன்று பட்டியல் கிடைக்கும். இவை ஏழு நாள்தான் இருக்கும், அன்றே இறக்கிவையுங்கள். நீங்கள் அனுப்பிய வரிசையிலேயே அவை திரும்பிவரும் என்று உறுதி இல்லை, வரி எண்ணை வைத்துப் பொருத்தாமல் எக்ஸ்டர்னல் ஐடியை வைத்துப் பொருத்துங்கள்.

அடுத்த அடுக்குக்குப் போகுமுன் மூன்றைச் சரிபாருங்கள்:

1. இரண்டு ஆர்க்கிலும் எண்ணிக்கை, மொத்தமாக மட்டும் பார்க்காமல் மண்டி வாரியாக.
2. லுக்அப் காலியாக இருக்கும் பதிவுகள். மூலத்திலும் காலியாக இருந்தவை எவை என்று தெரிந்தால்தான் மீதியைப் பிழை என்று சொல்ல முடியும்.
3. கூட்டுத்தொகை. ஒரு பருவத்தின் மொத்தக் கிலோ இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து கிலோ இடித்தால், ரக வரிகள் வேறு சீட்டுக்குப் போயிருக்கின்றனவா என்று தேடத் தேவையில்லை, அதில் மொத்தம் மாறாது. எண் ஃபீல்டின் தசம இடங்கள் இரண்டு ஆர்க்கிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வரிகள் சீட்டு மாறிப்போனதைப் பிடிக்க வேண்டுமானால் கிலோவைச் சீட்டு வாரியாகக் கூட்டி ஒப்பிடுங்கள்.